1800-11-2356: ஆபரேஷனுக்கு முன் சிகரெட்டை விடுவதற்கு நான் நாடிய உதவி

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டு, "சிகரெட்டை நிறுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எப்படி நிறுத்துவது என்பதை வீட்டுக்குப் போகும் வழியில் நாமேதான் யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் நான் பயன்படுத்திய இரண்டைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று, 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை. இன்னொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் கம், சூயிங்கம் போல வாயில் மெல்லுவது. முதலாவதை யாரும் தயங்காமல் அழைக்கலாம், அவ்வளவு நல்ல சேவை. இரண்டாவதும் நல்ல பொருள்தான். ஆனால் போடும் முறை தெரியாமல் வாங்கினால் காசும் வீண், மனசும் விட்டுப்போகும்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் மெஷின்மேன். வயது ஐம்பத்திரண்டு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசி வரை எங்களுக்கு இரவு பகல் கிடையாது. பேப்பர் ரீமைத் தூக்கித் தூக்கி வைத்த உடம்பு. அதோடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட், காலையில் எழுந்தால் விடாத இருமல். இரண்டும் சேர்ந்து வலது அடிவயிற்றில் ஹெர்னியாவை, அதாவது குடலிறக்கத்தை, கொண்டுவந்துவிட்டன. நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும்.

முதலில் பார்த்த மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) "தம்மைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, அடுத்த வாரமே பண்ணிரலாம்" என்றார்கள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. என் மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரையில் வேறொரு அறுவை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் வயிற்றைப் பார்த்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வியே சிகரெட்டைப் பற்றித்தான்.

"இது அவசர ஆபரேஷன் இல்லை. உங்களுக்கு நேரம் இருக்கு. ஆறு வாரம் ஒரு சிகரெட்கூட இல்லாம வாங்க, செய்யறேன்" என்றார். கட்டளையாகச் சொல்லி அனுப்பாமல் உட்காரவைத்து விளக்கினார். வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் கொசுவலைத் துண்டு போல ஒரு வலையை உள்ளே வைத்துவிடுவார்கள். உடம்பின் சதை அந்த வலைக்குள் ஊடுருவி வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ரத்தமும் ஆக்சிஜனும் தேவை. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜன் ஏற இடமில்லாமல் செய்துவிடுகிறது. இதனால் புண் ஆறத் தாமதமாகிறது, சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வலையில் சீழ் பிடித்தால் அதைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். நுரையீரலின் கதை தனி. மயக்கம் கொடுத்துத் தெளியும்போது இருமி இருமியே தையல் இடத்தில் அழுத்தம் விழும், சளி தேங்கி நிமோனியா வரலாம்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள் மட்டும் விட்டா போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். அதுவும் பயன்தான், ஒரு நாள் விட்டாலே கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதி வெளியேறிவிடும் என்றார். ஆனால் மூச்சுக்குழாயின் உட்பக்கம் சளியைக் கூட்டித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டாம். அவை திரும்பவும் சரியாக வேலை செய்வதற்கும், புண் ஆறும் திறன் மீள்வதற்கும் வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தன் பங்குக்குத் தேடிப் பார்த்துச் சொன்னாள். 2020 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தோடும் உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்போடும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நான்கு வாரத்துக்கு முன்பாவது விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைகின்றன. நான்கு வாரத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு வாரமும் பலனை இன்னும் 19 சதவீதம் உயர்த்துகிறது என்று அதில் இருக்கிறது. அதைவிட என்னை உலுக்கியது டென்மார்க்கில் நடந்த ஒரு பழைய ஆய்வு. 2002இல் 'லான்செட்' இதழில் வந்தது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 120 புகைப்பிடிப்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே ஆலோசனையும் நிக்கோட்டின் மாற்று மருந்தும் கொடுத்தார்கள். இன்னொரு பாதி வழக்கம்போல. உதவி கிடைத்தவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, கிடைக்காதவர்களில் 52 சதவீதம். புண் தொடர்பான சிக்கலை மட்டும் எடுத்தால் உதவி கிடைத்தவர்களில் 5 சதவீதம், கிடைக்காதவர்களில் 31 சதவீதம். அந்த எண்களை மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஆய்வில் பலன் கண்டவர்கள் ஆலோசனையும் மருந்தும் கிடைத்தவர்கள். நமக்கோ 'விட்டுட்டு வாங்க' என்ற வார்த்தையோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன்.

அது என் சட்டைப்பையிலேயே இருந்தது. 2018 செப்டம்பரிலிருந்து நம் நாட்டு சிகரெட் பாக்கெட்டுகளில் படத்துக்குக் கீழே கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவன், எழுத்தும் நிறமும் என் கண்ணில் முதலில் படும். அப்படியும் அதை ஒரு வேலை செய்யும் தொலைபேசி எண்ணாக ஒருநாளும் நினைத்ததில்லை. நான் கேட்டுப் பார்த்தவரை டீக்கடையில் தம் அடிக்கும் யாரும் நினைத்ததில்லை.

இது மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். 2016இல் டெல்லியிலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கினார்கள். 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் நிறுவனம்), மும்பை டாடா நினைவு மையம், குவாஹாட்டி புற்றுநோய் நிறுவனம் என்று மூன்று கிளை மையங்கள் சேர்ந்தன. தெற்கத்தி மொழிகளை நிம்ஹான்ஸ் பார்த்துக்கொள்கிறது. அதனால் தமிழில் பேசலாம். அழைப்புக்குக் காசு இல்லை, ஆலோசனைக்கும் காசு இல்லை. சிகரெட், பீடி மட்டுமில்லை, பான், குட்கா, உதட்டுக்குள் வைக்கும் புகையிலை என எதை விடவும் அழைக்கலாம்.

என்னிடம் பேசியது ஒரு பெண். நல்ல தமிழ். அறிவுரை கேட்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அழைத்தேன். அவர் 'ஏன் பிடிக்கிறீர்கள்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எப்போது பிடிக்கிறேன் என்பதைத்தான் நுணுக்கி நுணுக்கிக் கேட்டார்.

"காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு முதல் சிகரெட் சார்?"

"ஒரு மணி நேரம் ஆகும்மா. டீக்கடைக்குப் போனாத்தான்."

"வீட்டுக்குள்ள?"

"பழக்கம் இல்லை."

"வேலை செய்யுற இடத்துல?"

சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் அச்சகத்துக்குள்ளே நெருப்பு என்ற பேச்சே கிடையாது. சுற்றிலும் பேப்பர், மெஷின் கழுவும் கெமிக்கல். வெளியே வந்து டீக்கடைக்குப் போனால்தான் தம். அதைச் சொன்னதும், "அப்ப பாருங்க சார், மெஷின் ஓடுற நேரம் முழுக்க நீங்க பிடிக்காமத்தான் இருக்கீங்க. அந்த டீக்கடை நேரத்தை மட்டும் மாத்தினாப் போதும்" என்றார்.

முப்பது வருஷப் பழக்கம், மலை மாதிரி நின்றது, ஒரு நாளில் நாலைந்து இடைவேளையாகச் சுருங்கிவிட்டது. எனக்கு இந்தச் சேவையின் மதிப்பு புரிந்த இடம் இதுதான்.

ஆபரேஷனைச் சொன்னதும், எந்தத் தேதி, எத்தனை வாரம் கையில் இருக்கிறது, மயக்க மருந்து முழுமையாகக் கொடுப்பார்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். நிறுத்தும் நாளை என்னையே குறிக்கச் சொன்னார். புத்தாண்டு அன்று என்று வாயில் வந்தது. "அன்னிக்கு ஃபிரண்ட்ஸ் எல்லாம் கூடுவாங்களா?" என்று கேட்டார். கூடுவார்கள். கடைசிக் காலண்டர் லோடு லாரி ஏறிய மறுநாள் என்று மாற்றினேன். வேலை ஓய்ந்திருக்கும், தூக்கம் கிடைக்கும். மாசி முதல் வாரத்தில் ஆபரேஷன், கணக்குச் சரியாக வந்தது.

அந்த நாள் வந்தபோது அவர்களே அழைத்தார்கள். அதற்கப்புறமும் இடைவெளி விட்டு விட்டு அழைத்தார்கள். நம்மைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய பிடிமானம். வீட்டில் மனைவி கேட்டால் எரிச்சல் வரும். "என்னங்க, இன்னிக்கு எப்படி?" என்று அவள் அன்பாகத்தான் கேட்பாள், எனக்கு வேவு பார்ப்பது போல இருக்கும். போனில் கேட்கும் அந்தப் பெண்ணிடம் உள்ளது உள்ளபடி பேச முடிந்தது. சிகரெட் நினைப்பு எழும்போது நாலு காரியம் செய்யச் சொன்னார்கள்: தள்ளிப்போடு, மூச்சை ஆழமாக இழுத்து விடு, தண்ணீர் குடி, வேறு வேலையில் கையை வை. கேட்க எளிதாகத் தெரிந்தாலும் அந்தத் தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் இருக்கிறது, பிறகு தானாக வடிகிறது. அந்தச் சில நிமிடத்தைத் தாண்டுவதற்கு மட்டும்தான் இந்த நாலும். முதல் மூன்று நாள் கடினம். இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகத் தளர்ந்துவிட்டது.

டீக்கடை அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, மாசி வரைக்கும் எனக்கு டீயோட தம் நீட்டாதீங்க" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக நான் போய் நின்றதும் கிளாஸும் சிகரெட்டும் சேர்ந்து வரும். "மாசி வரைக்கும் என்னப்பா, எப்பவும்தான் வேண்டாம்னு சொல்லேன்" என்றார். சிகரெட் விற்பவர் சொன்ன வார்த்தை. அப்புறம் ஒரு நாள்கூட அவர் நீட்டவில்லை, மற்றவர்கள் நீட்டினாலும் தடுத்தார்.

சரி, கம்முக்கு வருவோம்.

நிக்கோட்டின் கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. 2 மில்லிகிராமை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். நான் போன கடையில் ஒன்றும் கேட்காமல் 4 மில்லிகிராமை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டதும் விக்கல், தலைசுற்றல், குமட்டல். உதவி எண்ணில் சொன்னபோது, உடனே அறுவை மருத்துவரிடம் கேட்டு அளவை உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார்கள். நான் பிடித்த அளவுக்கு 2 மில்லிகிராம் போதும் என்றார் மருத்துவர். நாளைக்கு இருபதுக்கு மேல் பிடிப்பவர்களுக்குத்தான் பொதுவாக 4 கொடுப்பார்களாம். உறை மீது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மெல்லும் முறை. சாதாரண சூயிங்கம் போலக் கடகடவென்று மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தாற்போலச் சுரீரென்று ஒரு காரம் வரும். வந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் அடங்கியதும் திரும்ப மெதுவாக, பிறகு மறுபக்கத்தில் ஒதுக்கல். இப்படி ஒரு கம் அரை மணி நேரம் வரும். வாயின் உட்தோல் வழியாக நிக்கோட்டின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி சிகரெட் தவிப்பை அடக்குகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடும் தாரும் இதில் இல்லை. இந்த விவரம் உறைக்குள் இருக்கும் தாளில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நாலு பாயிண்ட் எழுத்தை எவ்வளவு தெளிவாக அச்சிட்டாலும் ஐம்பது வயதுக்காரன் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பொருளை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்களாகத்தான் இருப்பார்கள். தமிழில் இரண்டு படம் போட்டு விளக்கினால் எத்தனையோ பேருக்குப் பலிக்கும்.

காபி, ஜூஸ், சோடா குடித்த கால் மணி நேரத்துக்குள் கம் போட்டால் சரியாக வேலை செய்யாது. வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிக்கோட்டின் ஏறாதாம். காபி, டீ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிகரெட் புகை கல்லீரலில் காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கிறது. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு டீ குடித்தாலும் காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை. நாம் இதெல்லாம் சிகரெட் விட்டதால் வரும் அவஸ்தை என்று நினைத்து மறுபடி பற்றவைக்கத் துடிப்போம். டீயைப் பாதியாகக் குறைத்ததும் எனக்கு இரவில் தூக்கம் வந்துவிட்டது.

முதல் ஆறு வாரம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், அப்புறம் மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று, மொத்தம் பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துவது வழக்கமான கணக்கு. ஒரு கம்மின் விலை நான் பிடித்த சிகரெட்டைவிடக் குறைவுதான். புதினா, பான் என்று சுவைகள் உண்டு. பான் சுவையில் வாய் வேறு பழக்கத்துக்குப் போய்விடும் என்று பயந்து புதினாவையே வாங்கினேன். பல்செட் வைத்திருப்பவர்களுக்கு இது ஒட்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கம்மில் நிக்கோட்டின் இருக்கிறதே, அது புண் ஆறுவதைக் கெடுக்காதா? என் மகளும் இதே கேள்வியைக் கேட்டாள். சிகரெட்டோடு ஒப்பிட்டால் இதன் பாதிப்பு மிகக் குறைவு, உங்கள் ஆபரேஷனுக்குத் தாராளமாகப் போடலாம் என்றார் மருத்துவர். தோலையும் சதையையும் எடுத்து ஒட்டும் பிளாஸ்டிக் சர்ஜரி போன்றவற்றில் சில மருத்துவர்கள் நிக்கோட்டினே கூடாது என்பார்களாம். அதனால் உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆபரேஷன் அன்று காலை பட்டினி இருக்கும்போது கம்மும் வாயில் இருக்கக்கூடாது. கம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேரனிக்லின், புப்ரோப்பியான் என்ற மாத்திரைகள் மருத்துவர் சீட்டில் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் கம் 2009இலும் இந்த மாத்திரைகள் 2021இலும் சேர்ந்துவிட்டன.

வேலை இடத்தில் தம்பிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவன் உதட்டுக்குள் வைக்கும் பொட்டலத்தை நீட்டினான். அதுவும் புகையிலைதான், வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி, தமிழ்நாட்டில் விற்கவும் தடை. இன்னொருவன் இ-சிகரெட் என்றான். 2019 சட்டப்படி அதை நம் நாட்டில் விற்பதே குற்றம். மூன்றாமவன் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் ஆட்டியது: "அண்ணே, ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி விட்டா சளி கூடி ஆபத்தாயிரும்னு சொல்றாங்களே." எனக்கும் விட்ட புதிதில் இருமலும் சளியும் கூடத்தான் செய்தன. ஹெர்னியாக்காரனுக்கு இருமல் என்றால் உயிர் போய்த் திரும்பும். மருத்துவரிடம் கேட்டேன். அந்தப் பயம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்ததாம். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கடைசி வாரங்களில் விடுவதால் ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்றார். சளி வெளியே வருவது அந்த மயிரிழைகள் விழித்துக்கொண்டு கூட்டத் தொடங்கியதன் அடையாளம். இருமல் வரும்போது ஒரு தலையணையை அடிவயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நல்ல உபாயம். ஆபரேஷனுக்குப் பிறகும் அதே தலையணைதான் உதவியது.

மலச்சிக்கல் இன்னொரு தொல்லை. சிகரெட்டை விட்டால் பலருக்கு இது வரும். மற்றவர்களுக்குச் சின்ன விஷயம், ஹெர்னியாக்காரன் முக்கக்கூடாது. கீரை, கொய்யாப்பழம், சொம்பு சொம்பாகத் தண்ணீர், இரவில் இசப்கோல். பசியும் கூடியது. சாத்தூர் சேவை வாங்கி வைத்து மென்றுகொண்டே இருந்தேன். எடை ஏறினால் ஹெர்னியாவுக்கு அதுவும் ஆகாது என்று மகள் டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டு வெள்ளரிக்காயை நறுக்கி வைத்தாள். இந்த இரண்டைப் பற்றியும் உதவி எண்ணில் கேட்டால் பதில் கிடைக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. நீங்கள் முதல் அழைப்பிலேயே கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார். எல்லாரும் அதை ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு பந்து ஏறவே திணறிய எனக்கு, ஆபரேஷன் வந்தபோது இரண்டு பந்து நின்றது. சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம் அதையே எடுத்து இழுத்தேன். கைக்கும் வாய்க்கும் ஒரு வேலை.

துளை போட்டு வலை வைத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது இருமல் இல்லை. தொப்புள் பக்கத்துப் புண்கள் சீழ் இல்லாமல் காய்ந்தன. இதெல்லாம் சிகரெட்டை விட்டதால்தான் நடந்தது என்று ஒரு ஆளின் உடம்பை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டே போய் நன்றாக வந்தவர்களும் உண்டு. அதனால்தான் டென்மார்க் கணக்கை எழுதினேன். 18-ம் 52-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, எந்த வரிசையில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது. அவசர ஆபரேஷன் என்றால் இந்த வாய்ப்பு கிடையாது. ஹெர்னியா உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் வாரக்கணக்குப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இந்த உதவி எண்ணில் மாற வேண்டியது என்று எனக்குப் படுவது வேலை நேரம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரைதான். திங்கட்கிழமை விடுமுறை. இரவு ஷிப்ட் பார்ப்பவனுக்கு நடு ராத்திரியில்தான் கை அரிக்கும். அந்த நேரத்துக்கும் ஒரு குரல் இருந்தால் எத்தனையோ தொழிலாளிகளுக்கு உதவும். இன்னொன்று மருத்துவமனைகளுக்கு: ஆபரேஷனுக்கு முன் என்ன சாப்பிடலாம், எப்போது பட்டினி என்று ஒரு தாள் கொடுக்கிறீர்களே, அதிலேயே இந்த எண்ணையும் ஒரு வரி அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு வரிக்கு இங்க் செலவு ஒன்றும் ஆகாது, நான் உறுதியாகச் சொல்வேன். நேரில் பேச விரும்புபவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் புகையிலை நிறுத்த மையம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

கம்மை இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குறைத்திருக்கிறேன். ஆபரேஷன் வரைக்கும் என்று விட்ட சிகரெட்டை அதற்கப்புறமும் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அழைப்பதற்கு முன் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் முதல் பேச்சே பயனுள்ளதாக இருக்கும்: ஆபரேஷன் தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள், எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். வீட்டில் உள்ளவர்களும் அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் விடப்போகிறவரே பேசினால்தான் தேதி குறிக்க முடியும்.